பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த படகு

என் பெயர் பெர்பெத்துவா பனாரெஸ். காலஞ்சென்ற ரொமுவால்தோ பனாரெஸின் மனைவி. வயது ஐம்பத்து மூன்று. இலோஇலோ மாகாணம், சான் தெலெஸ்போரோ ஊர், வடக்குக் கரைக் குப்பத்தில் குடியிருக்கிறேன். கருவாடு போட்டு விற்பது தொழில். ஊரில் எல்லோரும் என்னை மானாங் பெர்பெ என்றுதான் அழைப்பார்கள், மூத்தவளுக்குரிய மரியாதையாம், என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே அழைக்கிறார்கள். இந்த வாக்குமூலத்தை எழுதும் சார்ஜென்ட் டெல்பின் எனக்கு வக்கீல் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், மீன் வெயிலில் கிடக்கிறது, சீக்கிரம் எழுதுங்கள் என்று சொன்னேன்.

எங்கள் குப்பத்துத் தொடக்கப் பள்ளியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு பழைய ஜன்னல் கதவைத் திருடியதாக என்மேல் புகார். கதவை எடுத்தது நான்தான். திருட்டு என்ற சொல்லை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

மேற்படி பள்ளி அமெரிக்கர் காலத்தில் கட்டியது. தூண்கள்மேல் நிற்கும் மரக் கட்டடம், கடலைப் பார்த்த முகப்பு. நானும் என் கணவரும் அங்குதான் படித்தோம். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார், நான் ஆறாவது முடித்தேன், இதைச் சொல்லி அவரைக் கடைசிவரை குத்திக் காட்டியிருக்கிறேன்.

என் கணவர் சொந்தமாக ஒரு படகு வைத்திருந்தார். அதற்கு என் பெயரை வைத்தார். பெயிண்டில் எழுதினால் உப்பு தின்றுவிடுகிறது என்று, முன்பக்கப் பலகையில் உளியால் ஆங்கில எழுத்தில் செதுக்கினார். அளந்து பார்க்காமல் முதல் எழுத்தைப் பெரிதாகத் தொடங்கிவிட்டதால் கடைசி ஏ எழுத்துக்கு இடம் இல்லாமல் போனது, அதை மட்டும் ஓரத்தில் குட்டியாகச் செதுக்கி வைத்தார். மீன் இறக்கும் இடத்தில் எல்லோரும், "என்ன வால்தோ, பொண்டாட்டிக்கு வால நறுக்கிட்டியா?" என்று சிரித்தார்கள். அதன் பிறகு நான் அவரிடம் கொஞ்ச நாள் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனிதர் எனக்கென்று செய்த ஒரே அலங்காரம் அதுதான் என்று தோன்றியதும் பேசினேன்.

அதன் பிறகு யோலாந்தா புயல் வந்தது. நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தோம். படகை இன்னும் மேலே இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போன என் கணவர் திரும்பவில்லை. படகு திரும்பியது. பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் தென்னை மரத்தில் மோதி இரண்டாகக் கிடந்தது. பள்ளியின் கூரையில் பாதி போயிற்று, ஜன்னல் கதவுகள் ஏறக்குறைய எல்லாமே போயின. சுவரும் தூணும் நின்றதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தோம்.

அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஜன்னலுக்குக் கதவு போட்டுத் தருவதாக ஏற்றுக்கொண்டது. என்னிடம் இருந்தது அந்த உடைந்த படகு ஒன்றுதான், அதன் பலகையில் ஒரு கதவு செய்து கொடுத்தேன். பெயர் செதுக்கிய பலகை நடுவில், கடலைப் பார்த்து இருந்தது. எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அதன்மேல் எழுதிவிடுவோம். பள்ளிப் படிக்கட்டில் படிக்கு ஒரு குடும்பம் இருந்தது, கழிவறைக் கதவில் ஒரு முன்னாள் கவுன்சிலர் இருந்தார். என் கதவில் "ரொமுவால்தோ பனாரெஸ் நினைவாக" என்று பெயிண்டில் எழுதினோம்.

ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் பெற்றோர் எல்லோரும் துடைப்பமும் பிரஷ்ஷுமாகப் போய்ச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிப்போம். யார் வீட்டில் என்ன பெயிண்ட் மிச்சமோ அதுதான் அந்த ஆண்டின் நிறம். ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் ரோஸ். நாங்களே ஆசை ஆசையாக அடித்த பெயிண்டில் என் கணவர் செதுக்கிய எழுத்துகள் நிரம்பி மூடிப்போயின. மேலே எழுதிய அவர் பெயரை மட்டும் ஒவ்வொரு முறையும் நான் புதிதாக எழுதிவிடுவேன்.

என் கணவருக்குக் கல்லறை இல்லை. இறந்தோர் நாளன்று ஊரே மெழுகுவத்தியும் சாப்பாடுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த ஜன்னலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றுவேன். ஓலையில் சுற்றி வேகவைத்த பசையரிசி இபோஸும் ஒரு குவளை கள்ளும் வைப்பேன். தலைமையாசிரியருக்கு இது தெரியும், அன்று கேட்டைத் திறந்து வைப்பார். என்னோடு கருவாடு போடும் லொரேத்தாவும் வருவாள், அவள் தம்பியும் அதே புயலில் போனவன்.

இந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறையில், பழைய கட்டடத்தைப் புதுப்பித்துப் பின்னால் மூன்று மாடிப் புதுக் கட்டடம் சேர்க்கப்போகிறார்கள் என்று பெற்றோர் கூட்டம் போட்டார்கள். நகரத்திலிருந்து இன்ஜினியர் மார்ஜோரி லெதெஸ்மா வந்திருந்தார். சின்ன வயதுப் பெண், நன்றாகப் பேசினார். பழைய கட்டடத்தில் நூலகமும் கம்ப்யூட்டர் அறையும், புதியதில் வகுப்பறைகளும் வரும், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், அடுத்த புயலுக்கு ஊரே மேல்மாடியில் தங்கலாம் என்றார். நான்தான் முதலில் கைதட்டினேன். நான் இந்த வேலைக்கு எதிரி அல்ல, மழை பெய்தால் பிள்ளைகள் குடை பிடித்து வாய்ப்பாடு சொன்ன இடம் அது. சார்ஜென்ட் இதை எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு இன்ஜினியர், பழைய கட்டடம் முதலில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வர வேண்டும், பிற்பாடு சேர்த்தவை எல்லாம் எடுக்கப்படும், சுவரிலும் கதவிலும் உள்ள பெயர்களும் போய்விடும் என்றார். நான் எழுந்தேன்.

"என் ஜன்னலும் போயிடுமா இன்ஜினியர்?"

"அது ஒரிஜினல் இல்லையே மானாங்."

"என் புருஷன் ஒரிஜினல்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. இன்ஜினியரும் சிரிக்கவில்லை. "கழட்டுற கதவ அந்தந்தக் குடும்பத்துக்கே குடுத்துடறோம் மானாங், வந்து கேட்டு வாங்கிக்குங்க," என்றார். அதற்குக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சாட்சி.

அதன் பிறகு மத்தி சீசன் வந்துவிட்டது. நானும் லொரேத்தாவும் இடுப்பு நிமிர நேரமில்லாமல் இருந்தோம். சீசன் ஓய்ந்து நான் பள்ளிக்குப் போனபோது இறந்தோர் நாள் நெருங்கியிருந்தது. பிள்ளைகள் மைதானத்தில் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் வியர்த்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கதவுகளையும் கழற்றி, பெயிண்டை உருக்கிச் சுரண்டி எடுத்து, வேலியோரம் அடுக்கியிருந்தார்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. மேஸ்திரி போனிங்கிடம் என் கதவு எது என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும் மானாங்? எல்லாம் அம்மணமா நிக்குது, நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். என்னுடையது அதில் இல்லை. அப்போது வேலையாட்கள் கொட்டகைக்குள் ஒரு கதவை மட்டும் தனியாக மேசைமேல் கிடத்தி, துணி விரித்து, அதற்குமேல் தார்ப்பாய் போர்த்தியிருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் போனேன். இன்ஜினியர் தூரத்திலிருந்தே, "மானாங், அத மட்டும் தொடாதீங்க, அது ரொம்ப முக்கியமானது!" என்று கத்திவிட்டு நகரத்துக்குப் போக வண்டி ஏறிவிட்டார்.

அது என் கதவு என்று நினைத்தேன். கூட்டத்தில் நான் சொன்னது அந்தப் பெண்ணின் மனதில் தைத்திருக்கிறது, அதனால்தான் என்னுடையதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். துணியால் மூடிக் கிடத்தியிருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கிக் கையை விட்டுத் தடவினேன். உப்பில் ஊறிய மரம் போலச் சொரசொரவென்று இருந்தது. செதுக்கிய எழுத்தின் தடம் விரலில் தட்டியது. தட்டியது என்று அன்று கோயிலில் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே பள்ளிக்குப் போனோம். நான், லொரேத்தா, இன்னும் குப்பத்து ஆட்கள் சிலர். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், நான் கூப்பிட்டதால் வந்தார்கள். கேட் திறந்திருந்தது, பட்டப்பகல், வேலைக்கு லீவு. மேசையிலிருந்து கதவைத் தூக்கினோம். கனமாக இருந்தது.

"என்னடி பெர்பெ, வால்தோ அங்க போயும் சதை போட்டுட்டானா?" என்று லொரேத்தா கேட்டாள்.

"வாய மூடிட்டுத் தூக்குடி."

படகுப் பலகைக்கு இந்தக் கனம் ஏது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடைவீதி வழியாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். இந்தக் காவல் நிலைய வாசலைத் தாண்டித்தான் போனோம். சார்ஜென்ட் டெல்பின் வாசலில் நின்று எங்களுக்காக ஒரு டிரைசைக்கிளை நிறுத்தி வழிவிடச் செய்தார். இதையும் எழுதச் சொன்னேன்.

கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்துக் கதவை நிறுத்தினேன். இறந்தோர் நாளன்று பொழுது சாயும்போது மெழுகுவத்தி ஏற்றினேன். இபோஸும் கள்ளும் வைத்தேன். இந்தத் தடவை பள்ளி கேட்டைத் தாண்ட வேண்டியதில்லை என்பதால் அந்தப் புயலில் ஆளை இழந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மெழுகுவத்தியைக் கதவின் சட்டத்திலேயே ஒட்டி வைத்தார்கள். மெழுகு கதவு முழுக்க வழிந்தது. எனக்கு நிறைவாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இறந்தோர் நாள் விடுமுறை முடிந்த அன்று சார்ஜென்ட்டும் இன்ஜினியரும் மேஸ்திரி போனிங்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கதவைப் பார்த்ததும் இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ மானாங், மெழுக ஊத்தி வச்சிருக்கீங்களே!"

"என் கதவு, நான் ஊத்துவேன்."

"இது உங்க கதவு இல்ல மானாங். இது முலாவே மரம், இரும்பு மாதிரி. கட்டடம் கட்டினப்போ போட்டது. புயல் விட்டுவச்ச ஒரே கதவு, எல்லாக் கதவுலயும் பெயிண்ட உருக்கிப் பாத்துத்தான் கண்டுபிடிச்சோம். இதப் பாத்துத்தான் மத்த எல்லாக் கதவையும் செய்யணும். தச்சனுங்க கையக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க, புள்ளைங்க கூடாரத்துல வேகுதுங்க."

நான் நம்பவில்லை. இன்ஜினியர் கைப்பையிலிருந்து கத்தியை எடுத்து ஓரத்து மெழுகைச் சுரண்டிக் காட்டினார். ஒரே பலகை, மஞ்சள் மரம், ஒரு ஆணித் துளைகூட இல்லை. என் கணவரின் படகில் ஆணி இல்லாத இடம் கிடையாது. நான் யாருடைய ஜன்னலுக்கு முன்னாலோ முட்டி போட்டு, வீட்டுக் கதை எல்லாம் சொல்லி அழுதிருக்கிறேன். எனக்கு அவமானம் தாங்கவில்லை. லொரேத்தா என் முதுகைத் தடவி, "விடுடி, நூறு வருஷத்துக் கதவு. அதுக்கும் யாராச்சும் செத்திருப்பாங்க. அவங்களுக்குப் போய்ச் சேந்திருக்கும்," என்றாள்.

அதன் பிறகு நான் கேட்டேன், அப்படியானால் என் கதவு எங்கே? போனிங் தொப்பியைக் கழற்றினான்.

"பெயிண்ட உருக்குறப்போ ஒரு கதவு கழண்டு விழுந்துச்சு மானாங், ஆணியெல்லாம் துரு. பலகை நேரா நல்லா இருந்துச்சு. வீணாக்க மனசு வரல. புதுக் கட்டடத்துல மாடிப்படிச் சுவருக்குக் கான்கிரீட் ஊத்த சென்ட்ரிங் பலகையா அடிச்சிட்டோம்."

"சரி, கான்கிரீட் இறுகினதும் பிரிச்சுக் குடு."

"பிரிச்சாச்சு மானாங். ஒரே சிமெண்ட்டும் எண்ணெயுமா இருந்துச்சு. சோறு பொங்க அடுப்புல வச்சுட்டோம்."

நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். இதற்கு வேறு வழக்கு உண்டா என்று சார்ஜென்ட்டைக் கேட்டேன், போனிங் புகார் கொடுக்கவில்லை என்றார்.

அதன் பிறகு, கதவை எடுத்த இடத்தை அடையாளம் காட்ட வேண்டும் என்று சார்ஜென்ட் என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். கொட்டகையைக் காட்டினேன், மேசையைக் காட்டினேன். பிறகு அந்தச் சுவர் எங்கே என்று கேட்டேன். எதற்கு மானாங் என்றார். பார்க்க வேண்டும் என்றேன். போனிங் கன்னத்தைப் பிடித்தபடியே முன்னால் ஏறினான். படி திரும்பும் இடத்தில் கொத்தனார் ஒருவர் கலவைச் சட்டியோடு பூச்சு பூசத் தயாராக நின்றார். சாந்துக்கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

சென்ட்ரிங் பிரித்த சுவரில் பலகையின் ரேகைகள் அப்படியே பதிந்திருந்தன. ஆணித் துளைகள் சின்னச் சின்ன மொட்டுகளாக நின்றன. இடுப்பு உயரத்தில், ஒரு பலகை அகலத்துக்கு, எழுத்துகள் சிமெண்ட்டில் புடைத்துக்கொண்டு நின்றன. பெயிண்டைச் சுரண்டியதும் செதுக்கல் வெளியே வந்திருக்கிறது, அந்தப் பக்கத்தைக் கான்கிரீட்டுக்கு வைத்து அடித்திருக்கிறார்கள். எழுத்துகள் எல்லாம் திரும்பியிருந்தன. பி, ஈ, ஆர் முதுகைக் காட்டின. கடைசியில் இருக்க வேண்டிய ஏ முதலில் நின்றது. ஓரத்தில், இடம் இல்லாமல், குட்டியாக.

நான் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பலமாகப் பிடித்திருப்பேன், சட்டி கீழே விழுந்துவிட்டது.

இன்ஜினியர் ஓடி வந்தார். விஷயத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் போனிங்கைப் பார்த்தார். "எழுத்து இருந்ததப் பாத்தேன் மேடம், மேல பூசிட்டாத் தெரியாதுன்னு நெனச்சேன்," என்றான் அவன். நான் யாரிடமும் கத்தவில்லை. சுவரைக் காட்டி, இதன்மேல் பூசாதீர்கள் என்று மட்டும் கேட்டேன். கல்லறை கேட்கவில்லை, ஜன்னல் கேட்கவில்லை, ஒரு பலகை அகலம் பூசாமல் விடுங்கள் என்று கேட்டேன். இதுவரை நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியது இல்லை.

"பிளான்ல பூச்சு இருக்கு மானாங். பாக்க வர்ற அதிகாரி கேப்பாரு," என்று இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எழுத்தும் திரும்பி இருக்கு. மாடி ஏறுற புள்ளைங்க யாராலயும் இதப் படிக்க முடியாதே."

"புள்ளைங்களுக்கு எதுக்கு? அந்தப் பக்கம் நின்னு பாக்குறவருக்கு நேராத் தெரியும்."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எழுத்துகளைச் சுற்றி ஒரு பலகை அகலத்துக்குக் கோடு இழுத்தார். கொத்தனாரிடம், "கோட்டுக்கு வெளியில பூசு. கோட்டுக்குள்ள ஒரு துளி பட்டுச்சுன்னா உன்ன விடமாட்டேன். அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார்.

மேற்படி முலாவே மரக் கதவை இன்று காலை நானும் லொரேத்தாவும் பள்ளியில் ஒப்படைத்துவிட்டோம், இந்த முறை தூக்கிக்கொண்டு நடக்கவில்லை, சார்ஜென்ட் டிரைசைக்கிள் பிடித்துக் கொடுத்தார். அதன்மேல் இருக்கும் மெழுகை வெந்நீரும் பழந்துணியும் வைத்து நானே எடுத்துத் தருவதாக இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன், தினமும் மீன் காயப்போட்ட பிறகு போவேன். புகாரைத் திரும்பப் பெறுவதும் பெறாததும் அவர் விருப்பம். போனிங்கின் அடுப்புச் சாம்பலில் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கடலில் விடுவதா வீட்டில் வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சார்ஜென்ட் டெல்பின் எழுதிய இவை எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அவர் விட்டுவிடப் பார்த்த இடங்களும் இருக்கின்றன. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, உண்மையைத் தவிர வேறு எதையும் கலக்கவில்லை என்று உறுதி கூறிக் கீழே என் பெயரை எழுதுகிறேன். முதல் எழுத்தைப் பெரிதாகத் தொடங்கிவிட்டதால் தாளின் ஓரத்தில் இடம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் சிறிதாக வந்திருக்கிறது. வேறு தாள் தருகிறேன் என்று சார்ஜென்ட் சொன்னார். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

(ஒப்பம்) பெர்பெத்துவா பனாரெஸ்